ஆணி இல்லாத கதிரை

"பயப்பிடாமல் இருங்கோ ஐயா, ஒண்டும் நடவாது," என்றான் ஜொனதன். உண்மையில் பயந்துகொண்டிருந்தது அவன்தான்.

கோப்பாயில் மரம் அரிந்து விற்கும் மரக்காலை ஒன்றை நடத்தும் ஞானரட்ணம் நூற்றுப் பதினைந்து கிலோ எடை. அவர் கதிரையை ஒருமுறை சுற்றிவந்து பார்த்தார். கடும் மண்ணிறப் பொலிஷ் பூசிய கதிரை. அதில் ஓர் ஆணியும் இல்லை, திருகாணியும் இல்லை.

"முழுக்க உன்ரை பசையிலைதான் நிக்குதோ?"

"ஓம் ஐயா."

அவர் அமர்ந்தார். கதிரை ஒருதரம் முனகிவிட்டு அடங்கியது.

"ஒரு மணித்தியாலம் இருப்பன். உடையாட்டில், பின்பக்கக் கொட்டிலும் இஞ்சை விழுகிற மரத்தூள் முழுக்கவும் உனக்கு. உடைஞ்சால், நீ இனி இந்தப் படலைப் பக்கம் வரக்கூடாது. சரியே?"

"சரி ஐயா."

ஆறு வருடங்களாக மரத்தூளோடு மாரடிக்கிறான் ஜொனதன். அதிலிருந்து எடுக்கும் லிக்னினில்தான் கலாநிதிப் பட்டமும் வாங்கினான். பட்டம் கிடைத்ததே தவிர, அந்தப் பசையை வாங்க ஆள் கிடைக்கவில்லை. நெல்லியடியில் ஒரு மரக்காலைக்காரர் அவனை வரி அறவிட வந்தவன் என்று நினைத்துக் கதவைச் சாத்தினார். பண்டத்தரிப்பில் ஒருவர் அவன் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டு, கோழிக்கூட்டுக்குப் போடச் சொல்லி ஒரு சாக்கு மரத்தூளைக் கொடுத்தனுப்பினார். வெட்கம் கெட்டு அதையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தான்.

கடைசியாக மிஞ்சியவர் ஞானரட்ணம். இவரும் கைவிட்டால், மாமனாரின் கைபேசிக் கடையில் கண்ணாடித் தாள் ஒட்டும் வேலை காத்திருந்தது. "அதுவும் ஒட்டுற வேலைதானே," என்று மனைவி நிஷானி ஆறுதல் சொல்லியிருந்தாள்.

"அது சரி தம்பி, லிக்னின் லிக்னின் எண்டு சொல்லுறாய், அது என்ன சாமான்?" என்றார் கதிரையில் இருந்த ஞானரட்ணம்.

"மரத்துக்குள்ளை நாரையும் நாரையும் பிடிச்சு வைச்சிருக்கிறது அதுதான் ஐயா. நீங்கள் வீணாய் எரிக்கிற தூளிலை கால்வாசி அது. கோஸ்டிக் சோடாவிலை அவிச்சு, வடிச்ச தண்ணிக்கு அசிட் விட்டால் கறுத்தத் தூளாய் அடியிலை படியும்."

"படிஞ்சு?"

"பசை செய்யலாம். வெயில் சுடாமல் முகத்துக்குக் கிறீம் செய்யலாம். சீமெந்துக் கொங்கிறீற்றுக்குக் கலந்தால் தண்ணி குறைய விட்டாலே காணும். பற்றரிக்குக்கூட..."

"முகத்துக்கும் கொங்கிறீற்றுக்கும் ஒரே சாமானோ?"

"ஓம் ஐயா."

சொல்லும்போதே, சந்தையில் சகல நோய்க்கும் ஒரே எண்ணெய் விற்பவன் கதைப்பதைப் போல அவனுக்குக் கேட்டது. ஞானரட்ணம் குலுங்கிச் சிரித்தார். கதிரையும் குலுங்கியது. அதைச் செய்த மரக்காலைத் தச்சர் கனிசியஸ், மூலையில் நின்று சீவிய பலகையையே திரும்பத் திரும்பச் சீவிக்கொண்டிருந்தார்.

முக்கால் மணித்தியாலம் போனது. ஞானரட்ணம் தேத்தண்ணி குடித்தார், முன்னும் பின்னும் ஆடிப் பார்த்தார், காலுக்கு மேல் கால் போட்டார். கதிரை அசையவில்லை.

"கெட்டிக்காரன்தான்," என்றார். "எங்கடை நாட்டுச் சாமானிலை இப்பிடி ஒரு பசையோ? கனிசியஸ், கேட்டுக்கொள். என்ரை பேத்திக்குத் தொட்டில் செய்யவேணும். இந்தத் தம்பியின்ரை பசையிலைதான் பொருத்தவேணும்."

ஜொனதனின் முகம் வெளிறியது. கிழவர் விழுந்தால் திட்டு வாங்கிக்கொண்டு ஓடலாம். பிள்ளை விழுந்தால்?

"ஐயா, எழும்புங்கோ."

"இன்னும் கால் மணித்தியாலம் கிடக்கு."

"தேவையில்லை ஐயா. இது என்ரை பசை இல்லை." அவன் நிலத்தைப் பார்த்துச் சொன்னான். "முதல்லை என்ரை பசையாலை கதிரையைக் காலமை ஒட்டி, அண்டு பின்னேரமே இருந்து பார்த்தன். கழண்டு விழுந்திட்டுது. உங்களையும் விட்டால் எனக்கு வேறை ஆள் இல்லை. அதாலை கடையிலை நல்ல பசையாய் ஒரு ரின் வாங்கி, கனிசியஸ் அண்ணையிட்டைக் குடுத்து, மிஞ்சின என்ரை பசையை எறியச் சொல்லிப்போட்டு, கடைப் பசையாலை இதை ஒட்டுவிச்சனான்."

ஞானரட்ணம் மெல்ல எழுந்தார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"உன்ரை பசையை நீயே நம்பேல்லை. நான் எப்பிடித் தம்பி நம்புறது?" என்று கேட்டுவிட்டு தன் வான் வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

ஜொனதன் அந்தக் கதிரையிலேயே பொத்தென்று அமர்ந்தான். ஆறு வருடமும் போய்விட்டது. ஒரு பிள்ளையின் தொட்டிலை வைத்துப் பொய் சொல்லவில்லை என்ற சின்னப் பெருமை மட்டும் மிச்சம் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மாமனாரின் கடைக்குப் போகலாம் என்று நினைத்தான்.

வண்டியின் சத்தம் ஓயும்வரை காத்திருந்த கனிசியஸ், தலையைச் சொறிந்துகொண்டு கிட்ட வந்தார்.

"சேர், கோவிக்கக் கூடாது. முதலாளிக்கு முன்னாலை சொன்னால் என்ரை வேலை போயிடும், அதுதான் பேசாமல் நிண்டனான். நீங்கள் தந்த கடைப் பசையை நான் என்ரை வீட்டு யன்னலுக்கு எடுத்துப்போட்டன். உந்தக் கதிரையை ஒட்டி ஒரு கிழமை காய வைச்சனான். ஒட்டினது, நீங்கள் எறியச் சொன்ன உங்கடை கறுத்தப் பசையாலைதான்."