கேஸ் எங்க போகுது?

ஒரு வாடகைக் கார். அதோட ஏசியில கேஸ் மறுபடியும் குறைஞ்சு போச்சு. குழாய் மூட்டுல இருந்த ரப்பர் வாஷருக்கு இருப்புக்கொள்ளல. கசியுறதே அதோட விரிசல் வழியாத்தான்.

"எவன்டா கேஸை விடுறது? பழியெல்லாம் என் தலையில விழுது!"ன்னு கம்ப்ரசர் கத்துச்சு.

"வயசாச்சுல்ல அண்ணே, உங்களுக்கே தெரியாமப் போயிருக்கும்"னுச்சு வாஷர்.

மெக்கானிக் கசிவு பார்க்க சோப்புத் தண்ணியைக் கரைச்சார். வாஷருக்கு உயிரே போச்சு. அதுக்குள்ள டிரைவர், "அதெல்லாம் எதுக்குண்ணே? கம்ப்ரசரை மாத்திடுங்க"ன்னார். பழசு காயலான் கடைக்குப் போச்சு.

பத்தே நாள்ல புதுக் கம்ப்ரசர் கேட்டுச்சு: "அண்ணே, கேஸ் குறையுதே?"

வாஷர் பெருமூச்சு விட்டுச்சு. அதோடயும் கொஞ்சம் கேஸ் போச்சு.

"இந்த வயசுலயேவா, தம்பி?"