மாடிக்கு ஒரு காப்பீடு

"உன் சாமானுக்குன்னு வாடகைக்காரர் காப்பீடு நீ எடுக்கலன்னா இந்த வருஷம் ஒப்பந்தம் கிடையாது," என்றார் வீட்டுக்காரர் பொலாஸ்கி.

அமெரிக்காவின் டொலிடோ நகரிலிருந்த அந்த மரவீட்டின் மாடியில் டேனிட்டா குடியிருந்தாள். கீழே அவர் தனியாக இருந்தார்.

"நாலு வருஷமா கேக்கலியே சார்?"

"இப்ப எல்லா வீட்டுக்காரங்களும் கேக்கறாங்க. உன் சாமானையெல்லாம் போட்டோ எடுத்து வெச்சுக்கோ."

வேலையிடத்தில் இதைக் கேட்டுத் தோழி மார்னி சிரித்தாள். "பழைய வீடு, விலை போகாது. கொளுத்திட்டு இன்சூரன்ஸ் வாங்கப் பாக்கறார்டி. நீயும் எடுத்துட்டா நஷ்டம்னு நீ சண்டைக்கு வரமாட்டேல்ல?"

டேனிட்டா அதை நம்பவில்லை. ஆனால் சனிக்கிழமை அவர் மாடிக்கு வந்து புதிதாகப் புகை அலாரம் மாட்டினார். படுக்கையறை ஜன்னலில் கயிற்றேணி ஒன்றையும் கட்டினார். அவள் நேராகக் கீழே போய்க் கேட்டுவிட்டாள்.

"சார், வீட்டைக் கொளுத்தப் போறீங்களா?"

பொலாஸ்கி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கொளுத்திடுவேனோன்னு பயமா இருக்கும்மா. அடுப்பை அணைக்க மறந்துடறேன். இந்த மாசம் மூணு தடவை. பையனுக்குத் தெரிஞ்சா முதியோர் இல்லத்துல சேத்துடுவான். வீடு எரிஞ்சா எனக்குப் பணம் வரும். உன் சாமானுக்கு ஒரு டாலர்கூட வராது."

டேனிட்டா அவர் சமையலறைக்குப் போய், அடுப்பின் பின்னாலிருந்த எரிவாயுக் குழாயை இறுகத் திருகி மூடினாள்.

"காப்பீடு எடுத்துக்கறேன். இனிமே சாப்பாடு மேலேருந்து வரும். மீன் சாப்பிடுவீங்கல்ல?"