நூறாவது ஹோம் ரன்

"இவனெல்லாம் ஒரு ஆட்டக்காரனா? மட்டையைக் கீழ போட்டுட்டு வீட்டுக்கு வாடா, மாடு கறக்க ஆள் இல்லை!"

மில்வாக்கி பேஸ்பால் மைதானத்தில் பக்கத்து இருக்கைக் கிழவர் போட்ட கூச்சலில், லொவெலின் மடியிலிருந்த சாசேஜ் ரொட்டி குலுங்கியது. திட்டு வாங்கியவன் ட்ராவிஸ் கெல்னர். ஊரே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் பிள்ளை.

அடுத்த பந்தை ட்ராவிஸ் சுவரோரம் விரட்டினான். கிழவர் கை தட்டவில்லை. இருமல் மிட்டாய் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார்.

வயிற்றெரிச்சல், என்று லொவெல் முடிவு கட்டினான். வாலிபத்தில் உள்ளூர் அணிக்குக்கூடத் தேறாத ஆசாமியாக இருக்கும்.

லொவெல் பத்திரிகையில் புள்ளிவிவரப் பத்தி எழுதுகிறவன். நாளை ட்ராவிஸுக்கு இருபத்துமூன்று வயது பிறக்கிறது. அதற்குள் பந்தைச் சுவருக்கு அப்பால் அனுப்பி நூறாவது ஹோம் ரன் அடித்துவிடுவான், இதே வேகத்தில் போனால் நாற்பது வயதில் பழைய ஜாம்பவான்கள் அத்தனை பேரும் அவனுக்குப் பின்னால்தான் என்று எழுதித் தொலைத்திருந்தான். எண்ணிக்கை தொண்ணூற்றொன்பதில் நின்றது. "இன்னிக்கு அடிக்கலைன்னா உன் பத்திக்கு மூடுவிழா" என்று ஆசிரியர் காலையிலேயே சொல்லிவிட்டார்.

"கொஞ்சம் வாயை மூடுங்க பெரியவரே. இந்த வயசுல இவன் அளவுக்கு அடிச்சவங்க சரித்திரத்துலயே மூணு பேர்தான்."

"ஓ, அந்தக் கணக்குப்பிள்ளை நீதானா? நாற்பது வயசு வரைக்கும் எழுதிட்டியாமே! அவனுக்கு முழங்கால்னு ஒண்ணு இருக்கே, அது உன் கணக்குல எங்க?"

ட்ராவிஸ் மறுபடி வந்தான். "தூங்குமூஞ்சி! அந்த மட்டையைக் குடு, பல்லாவது குத்திக்கறேன்!" என்றார் கிழவர், கரகரத்த தொண்டையில். மறுபடியும் நல்ல அடி. ஆனால் ஹோம் ரன் இல்லை.

ஐந்தாவது இன்னிங்ஸ் முடியும்வரை உள்ளூர் வீச்சாளர் எதிரணிக்கு ஓர் அடிகூடக் கொடுக்கவில்லை. அரங்கில் ஒருவரும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை; நல்லதை வாய்விட்டுச் சொன்னால் கெட்டுவிடும் என்பது இந்த ஆட்டத்தின் பழைய நம்பிக்கை.

"இன்னும் ஒரு அடிகூட விழலை, கவனிச்சீங்களா?" என்று லொவெல் வேண்டுமென்றே உரக்கச் சொன்னான். அடுத்த பந்திலேயே அடி விழுந்தது. பின்வரிசைப் பெண்மணி அவன் தலையில் பாப்கார்னைக் கொட்டினாள். "படிச்சவன்தானேடா நீ?"

முட்டாள் கூட்டம், என்று தலையிலிருந்த பாப்கார்னைத் தட்டிவிட்டான்.

மூன்றாம் முறை ட்ராவிஸ் வந்தபோது கிழவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. அப்பாடா என்று லொவெல் எழுந்து நின்றான். "நூறு நிச்சயம்டா ராஜா!"

மூன்று பந்துக்கும் காற்றைத்தான் அடித்து ஆட்டமிழந்தான் ட்ராவிஸ். கிழவர் லொவெலைப் பார்வையாலேயே எரித்தார்.

ஒன்பதாவது இன்னிங்ஸ். கடைசி வாய்ப்பு. ட்ராவிஸ் நடந்து வந்தான். கிழவர் எழுந்து வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது.

சட்டென்று லொவெலின் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"நீ திட்டு," என்றார் கிசுகிசுப்பாக. "சீக்கிரம்!"

"நானா? நான் எதுக்குத் திட்டணும்?"

"யாராவது திட்டினாத்தான்டா என் பையன் அடிப்பான்!"