வயலினுக்குள் ஒரு பெயர்

"பதறாம உட்காருக்கா. அவர் பார்த்துச் சொல்லட்டும்" என்றான் தம்பி.

கடைக்காரர் அந்தப் பழைய வயலினை விளக்கடியில் சாய்த்துப் பிடித்தார். உள்ளே ஒட்டியிருந்த சீட்டில், உலகமே கொண்டாடும் ஒரு மேதையின் பெயர்.

"யார் செஞ்சதுன்னு உறுதியாத் தெரிஞ்சாத்தான் வாங்குவோம்" என்றாள் அக்கா. "ரொம்ப வருஷமாத் தேடறோம்."

கடைக்காரர் குட்டிக் கண்ணாடி ஒன்றை உள்ளே நுழைத்துப் பார்த்தார். அவர் முகம் வாடியது.

"மன்னிச்சுக்கோங்கம்மா. உளி பட்ட தடமெல்லாம் எதிர்ப்பக்கமா சாயுது. இதைச் செஞ்சவர் இடதுகைக்காரர். அந்த மேதையோ வலதுகைக்காரர். சீட்டு போலி."

அக்கா தம்பியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "இடதுகைதானா? நல்லாப் பாருங்க."

"சத்தியமா. ஆனா எந்த மகராசன் செஞ்சானோ, என்ன வேலைப்பாடு!"

அவர் வில்லை எடுத்து ஒரே ஒரு இழுப்பு இழுத்தார். தெருவின் இரைச்சல் வாசலிலேயே நின்றுவிட்டது போலிருந்தது. அவருக்கே புல்லரித்தது.

"கட்டிக் கொடுங்க" என்றான் தம்பி.

"போலின்னு சொல்றேனே தம்பி, காதுல விழலையா?"

"விழுந்துச்சு சார். அந்த மேதை பேரை ஒட்டி வித்த பட்டறையில, இடதுகைக்காரர் எங்கப்பா ஒருத்தர்தான். அவர் செஞ்சதுல ஒண்ணுகூட எங்க வீட்டுக்கு வந்ததில்லை."

"இன்னொரு தடவை வாசிங்களேன்" என்றாள் அக்கா. "அப்பா செஞ்ச வயலினை இப்பத்தான் முதல் தடவையா கேட்கறோம்."

கடைக்காரர் எழுந்து நின்று வாசித்தார்.