அறுபதடி தூரத் தண்ணீர்

"இந்தக் கோணத்தோளனை இன்னைக்கு லைனை விட்டே தூக்கலைன்னா எம் பேரு தமயந்தி இல்ல!"

பீன்யாவில் சட்டை தைக்கும் கம்பெனி. தமயந்தியின் கையில் ஒரு மனு. அதன் அடியில் முப்பத்திரண்டு டெய்லர்களின் கையெழுத்து.

ஆத்திரப்படாமல் என்ன செய்வாள்? எட்டு மணி நேரம் மெஷினில் ஒரு பக்கமாகச் சாய்ந்தே உட்கார்ந்து முதுகு போயிற்று. பெடல் மிதிக்கும் காலில் கெண்டைச் சதை பிடித்து இழுத்ததற்குத் தைலம் தேய்த்தே மாளவில்லை. மணிக்கொரு தரம் எழுந்து நடக்கச் சொன்ன டாக்டரைப் பார்த்துச் சிரித்துவிட்டு வந்தவள் அவள். டார்கெட்டை யார் முடிப்பது?

இந்த லட்சணத்தில், போன மாதம் அந்தக் கோணத்தோள் சூப்பர்வைசர் அலெக்சாண்டர் எல்லார் மெஷினிலும் இருந்த தண்ணீர் பாட்டில்களை எடுத்து, அறுபதடி தள்ளிக் கடைசிச் சுவரோரம் வைத்துவிட்டார். போதாக்குறைக்கு மணிக்கொரு தரம் கத்தல் வேறு.

"தண்ணி குடிக்கலையா? மயக்கம் போட்டு விழுந்தா யாரு பதில் சொல்றது? எழுந்து போங்க!"

பக்கத்து மெஷின் தாயம்மா மனுவை எட்டிப் பார்த்தாள். "தமிழ்ல எழுதியிருக்கியே, மேனேஜருக்குப் படிக்க வராதேடி?"

"நான் கன்னடத்துல படிச்சுக் காட்டுறேன்க்கா. விட்டுப்போனதையும் கையோட சேர்த்துக்குவேன்."

விறுவிறுவென்று போனாள். மேனேஜர் ரூம் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே மேனேஜர் கிருஷ்ணப்பா அலெக்சாண்டரிடம் கன்னடத்தில் எகிறிக்கொண்டிருந்தார்.

"எல்லாருக்கும் முதுகு வலி, மணிக்கு அஞ்சு நிமிஷம் ரெஸ்ட் குடுங்கன்னு மூணு தடவை வந்து நின்னீங்க. முடியாதுன்னுட்டேன். இப்ப தண்ணி சாக்குல எழுப்பி விடுறீங்களா?"

"இல்ல சார். பாட்டில் கவிழ்ந்து துணி கறையாகுது. அதான்..."

அலெக்சாண்டர் தலை குனிந்து நின்றார். பதினெட்டு வருஷம் மெஷினில் உட்கார்ந்து இறங்கிப்போன இடது தோள்.

"பொய்னு தெரிஞ்சா உங்க வேலை போயிடும்."

தமயந்திக்குத் திக்கென்றது. ஒரு பாட்டில்கூடக் கவிழ்ந்ததில்லை. மூன்று வாரமாகக் கால் இழுக்கவில்லையே, எல்லாம் தைலத்தின் மகிமை என்று நினைத்திருந்தாளே! வெட்கம் பிடுங்கித் தின்றது.

"யாரது? கையில என்ன பேப்பர்?"

உள்ளே போனாள். மனுவை விரித்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, நிறுத்தி நிதானமாகக் கன்னடத்தில் படித்தாள்.

"ஐயா, எங்கள் பாட்டில் கவிழ்ந்து இரண்டு சட்டைகள் வீணாகிவிட்டன. மன்னிக்கவும். இனிமேல் பாட்டில்கள் கடைசிச் சுவரோரமே இருக்கட்டும். அங்கே ஒரு ரேக் மட்டும் போட்டுத் தாருங்கள். இப்படிக்கு, முப்பத்திரண்டு பேர்."

கிருஷ்ணப்பா பேப்பரை வாங்கிக் கையெழுத்துகளைப் பார்த்தார். அவர் கோபம் இறங்கியது.

"சரி, ரேக் போட்டுடலாம். இதை ஃபைல்ல வைங்க" என்று அலெக்சாண்டரிடம் நீட்டினார்.

அலெக்சாண்டருக்குத் தமிழ் படிக்க வரும்.

‘ஈவு இரக்கமில்லாத சூப்பர்வைசர் அலெக்சாண்டரை உடனே மாற்ற வேண்டும்’ என்ற முதல் வரியை அவர் இரண்டு முறை படித்தார். பிறகு பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் தமயந்தி என்னவோ சொல்ல வாயெடுத்தாள்.

"என்ன நின்னுட்டிருக்க? மணி பதினொண்ணு ஆச்சு" என்று அவர் வழக்கம்போல் கத்தத் தொடங்கி, பாதியிலேயே குரலைத் தாழ்த்தினார். "போம்மா... போய் தண்ணி குடி."