தடித்த ஓரம்

கிழவர் கை நீட்டவில்லை.

முனிரத்தினம் காகிதத்தைப் பிரித்து அடுப்புப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றான். தங்கச் சுரங்கத்திலிருந்து நேராக வந்திருந்தான். கண்ணைச் சுற்றி மட்டும் தோல் தெரிந்தது.

காகிதத்தில் ஒரு பாஸ்டியின் மிச்சம். மாவை மடித்து முறுக்கிய தடித்த ஓரம். அதன் மூலையில் ஆணியால் கீறிய ஒற்றை எழுத்து.

பி.

கீறியவர் அவர்தான். நேற்றுக் காலையில்.

இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து வந்த துரையின் பங்களாவில் அடுப்பு ஊதிய காலத்தில் அவர் பார்த்துப் பிடித்துக்கொண்ட பண்டம் பாஸ்டி. கறி, உருளைக்கிழங்கு, வெங்காயம். மைதாவுக்குள் வைத்து மூடி, தகரப் பெட்டியில் மேலும் கீழும் நெருப்புப் போட்டு வேகவைப்பார். மகன் பிலவேந்திரன் சுரங்கத்துக்கு அதைத்தான் கொண்டுபோவான்.

துரை வீட்டில் ஒருத்தர் பங்கு இன்னொருத்தருக்கு மாறாமல் இருக்க எழுத்துப் போட்டார்கள். இவர் திருடனுக்காகப் போட்டார்.

கீழே இறங்குகிற அத்தனை பேரும் அவருக்குத் திருடன்தான்.

“இருட்டுல எந்தத் திருடன் நைனா எழுத்துக்கூட்டிப் படிப்பான்?” என்று மகன் சிரிப்பான்.

தடித்த ஓரத்தைத் தின்னக்கூடாது. கையெல்லாம் கல்தூசி, விஷம். அதைப் பிடித்துக்கொண்டு மற்றதைத் தின்ன வேண்டும். பிறகு ஓரத்தைப் பாறைத் திட்டில் வைத்துவிட வேண்டும், கல்லுக்குள் குடியிருப்பவர்களுக்கு.

துரை சொன்ன கதை. அதை நம்பியவன் பிலவேந்திரன் ஒருத்தன்தான். மற்றவனெல்லாம் ஓரத்தையும் சேர்த்து விழுங்குகிற ஆள்.

நேற்று மத்தியானம் சுரங்கத்தில் பாறை வெடித்துச் சரிந்தது.

“கல்லு அந்தாண்ட போவ முடியல,” என்றான் முனிரத்தினம். “அடியில சிக்குன ஆள் யாருன்னு தெரியல. இது மட்டும் திட்டு மேல இருந்துச்சு. வெச்ச மாதிரி.”

வாசற்படியில் நின்ற மருமகள் ரெஜினாவின் கை தாலிக்குப் போனது.

“கைய எடு,” என்றார் அவர். “இன்னாத்துக்கு இப்ப அழுவுற? எவனோ திருடித் துன்னுட்டுக் கீறான். கல்லுக்கு அடியில கீறவன் அந்தத் திருட்டுப்பய. என் புள்ள வேற எங்கியோ பட்டினியா உக்காந்துக்கினு கீறான்.”

இத்தனை வருஷம் திட்டித் தீர்த்த திருடன். இன்றைக்கு ஒருத்தன் இருந்தே ஆகவேண்டும்.

முனிரத்தினம் வாசல் பக்கம் திரும்பினான்.

“தண்ணி குடுத்து அனுப்பு,” என்றார் மருமகளிடம்.

இருவரும் வெளியே போனார்கள்.

அவர் குனிந்தார். ஓரம் முழுசாக இருந்தது. ஒரு பல் படவில்லை. மடிப்புகள் அவர் முறுக்கியபடியே இருந்தன. நான்கு விரல் பிடித்த கறுப்பு அடையாளம். அந்த விரல்களின் அகலம் அவருக்குத் தெரியும்.

வெளியே சொம்பு கீழே வைக்கிற சத்தம்.

அவர் ஓரத்தை எடுத்து வாயில் வைத்தார்.

காய்ந்து கல்லாகியிருந்தது. தூசி நறநறத்தது. விக்கியது. நிறுத்தவில்லை. எழுத்து இருந்த மூலையைக் கடைசியாக மென்றார்.

ரெஜினா உள்ளே வந்தாள். வெறும் காகிதத்தைப் பார்த்தாள்.

“மாமா, அது எங்க?”

அவர் உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

“திருட்டுப்பய ஓரத்த மிச்சம் வெப்பானாம்மா?”