நாற்பத்தேழாம் வீட்டின் ஐந்தாம் ஆள்

புலவாயோ நகர ஆவணக் காப்பகத்தில் பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில் மட்டும்தான். வெள்ளைக்காரன் காலத்துக் கறுப்பர் குடியிருப்பைப் பற்றிய ஆய்வேட்டை வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும் என்பதால், சிதெம்பிலே பென்சிலும் கையுமாகப் பழைய போலீஸ் சோதனைப் பதிவேட்டைப் பரபரவென்று புரட்டினாள். அந்நாளில் அங்கே விருந்தாளி தங்கவும் அனுமதிச் சீட்டு வேண்டும். விடியற்காலையில் போலீஸ் வந்து தலை எண்ணும்.

1938 மார்ச் 9, வீடு 47: "அனுமதி நால்வருக்கு. இருந்தது ஐவர். ஐந்தாவது, கால்சட்டை போட்ட பெண். எல்லாரையும் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள். சீட்டு இல்லை. பெயர் சிதெம்பிலே. பென்சில் பறிமுதல்."

கையைப் பார்த்தாள். பென்சில் இல்லை.

"மாமோயோ அக்கா!"

கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த ஊழியர் மாமோயோ எட்டிப் பார்த்தார். "ஒன்னையும் புடிச்சுட்டானா? நீயாவது பரவால்ல. போன மாசம் வந்த பேராசிரியர் அங்க திருட்டு சோள பீர் குடிச்சு மாட்டிக்கிட்டாரு."

"நாளைலேருந்து நான் இந்தப் பக்கமே வரமாட்டேன்க்கா!"

"எல்லாரும் இப்படித்தான் சொல்றீங்க. அடுத்த பக்கத்தைப் பாரு."

மார்ச் 10, வீடு 47: "அதே பெண். பென்சிலைத் திருப்பிக் கேட்டாள். இம்முறை நாற்காலியோடு வந்திருந்தாள்."

சிதெம்பிலே தன் நாற்காலியின் கைப்பிடிகளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.